அப்பாவின் அளவில் அம்மாவின் சைக்கிள்

பசறை வீதி, பதுளை.
14.09.2025

அன்பு மகள் விதுஷாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். அப்பாவின் சுகம் என்னுடையதைவிடக் கொஞ்சம் கூடுதல், காரணத்தைப் பின்னால் எழுதுகிறேன். அங்கே குளிர் விடத் தொடங்கியிருக்கும், ஆனாலும் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. மாரியம்மனுக்கு நியூசிலாந்து எந்தத் திசை என்று தெரியாவிட்டாலும் உன்னைக் காப்பாற்றிக்கொண்டுதான் இருப்பாள். வாராவாரம் போனில் முகம் பார்த்துப் பேசும்போது தபாலில் எதற்குக் கடிதம் என்று பயந்துவிடாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போன் எப்போதும் அப்பாவின் கையில் இருக்கிறது, நான் அவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறேன். அங்கிருந்து தலையாட்டலாம், பேச முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். இதை அவரிடம் காட்டவில்லை.

விஷயம் அந்தச் சைக்கிள்தான். முழங்கால் டாக்டர் நடக்காதீர்கள், சைக்கிள் ஓட்டுங்கள் என்று சொன்னதை நீ பிடித்துக்கொண்டாய். பணத்தையும் அனுப்பி, என்ன வாங்க வேண்டும் என்று ஒரு பாடக்குறிப்பு மாதிரி எழுதியும் அனுப்பினாய். மலிவானதும் வேண்டாம், பந்தயக்காரர்கள் ஓட்டும் விலை உயர்ந்ததும் வேண்டாம், நடுத்தர விலையில், முதுகை வளைக்காமல் உட்கார்ந்து ஓட்டுகிற மாதிரி கைப்பிடி கொஞ்சம் உயரமாக, டயர் கொஞ்சம் அகலமாக, ஏற்றத்தில் மிதிக்க லேசான கியரோடு. எல்லாவற்றுக்கும் மேலாக, அம்மாவைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஏற்றிப் பார்த்துவிட்டு வாங்குங்கள் என்று எழுதியிருந்தாய். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவள் சொல்கிறேன், இதைவிடத் தெளிவாக யாரும் எழுத முடியாது. அப்பா அதை இரண்டு தடவை உரக்க வாசித்தார். ஜெயரூபன் மாமாவும் இருந்து கேட்டார். கடைசி வரியைத் தவிர எல்லாவற்றையும் செய்தார்கள்.

அந்த வாரம்தான் நமுனுகுலவில் என் சித்தப்பா தவறினார். தீட்டு முடியும்வரை அக்கா புதுப்பொருள் வாங்கப் போகக்கூடாது என்று என் தம்பி, உன் ஜெயரூபன் மாமா, தீர்ப்புச் சொன்னார். கல்யாணமாகி வேறு வீட்டுக்கு வந்த எனக்கு மூன்று நாள் தீட்டு, பங்காளியான அவருக்குத்தான் பதினாறு. ஆனால் கடைக்குப் போனது அவர். ஆண்களுக்குத் தீட்டு பஸ்ஸில் ஏறியதும் இறங்கிவிடும் போலிருக்கிறது. பதினாறு முடிந்ததும் போகலாமே என்று நான் கேட்டேன். கடையில் தள்ளுபடி அதற்குள் முடிந்துவிடும் என்று அப்பா சொன்னார். நான் சரி என்றேன். அந்தச் சரியை இப்போது நினைத்தால் எனக்கே என் மேல் எரிச்சல் வருகிறது. பள்ளிக்கூடத்தில் அதிகாரிகள் வந்தால்கூட எழுந்து நின்று இல்லை என்று சொன்னவள், வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டே சரி என்று சொல்லிவிட்டேன்.

கடையில் நடந்ததை மாமாதான் வந்து பெருமையாகச் சொன்னார். கடை முதலாளி முன்ஸிப் நல்ல மனிதர். வரிசையாக நாலைந்து சைக்கிளைக் காட்டியிருக்கிறார். மாமா ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பின்னால் கேரியர் எங்கே, ஒரு மூட்டை அரிசி வைத்தால் தாங்குமா என்று கேட்டிருக்கிறார். இது சாமான் ஏத்துற சைக்கிள் இல்ல தம்பி, சும்மா ஓடிட்டு வாறதுக்கு என்றாராம் முன்ஸிப். "சும்மா ஓடிட்டு வர்றதுக்கு எதுக்குங்க இத்தனை கியரு?" என்று மாமா திருப்பிக் கேட்டாராம். இதைச் சொல்லி மாமா இன்னும் சிரிக்கிறார். பிறகு முன்ஸிப் அப்பாவிடம், ஓட்டப்போற ஆளுட காலுட உள்பக்க அளவு என்ன சேர், அதை வச்சுத்தான் சைஸ் பார்க்கணும் என்று கேட்டிருக்கிறார். யாருடைய கால் என்று அவருக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும். உன் அப்பா ஸ்பிரிங்வெளியில் பெரிய கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு தேயிலைத் தோட்டத்தின் அத்தனை லயவீட்டுக்கும் நீளம் அகலம் மனப்பாடமாகச் சொல்வார். கட்டிய மனைவியின் காலை ஒரு கடை முதலாளி அளவு கேட்டதும் மனிதருக்கு முகம் சிவந்துவிட்டது. "குடும்பப் பொம்பளைங்க அளவெல்லாம் கேக்கிறீங்களே, என்னங்க கடை இது" என்று மாமா சட்டைக் கையை மடிக்கத் தொடங்கியிருக்கிறார். முன்ஸிப் பாவம், தண்ணீர் வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். கடைசியில் அப்பா பெருந்தன்மையோடு ஒரு வழி கண்டுபிடித்தார். "என் காலையே அளந்துக்கங்க. முப்பத்தெட்டு வருஷமா ஒண்ணாத்தான் இருக்கோம்" என்று சொல்லி அளவு கொடுத்துவிட்டு வந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சைக்கிள் வருகிறது என்று சொன்னதும் நான் இரண்டு சல்வார் தைக்கக் கொடுத்திருந்தேன். அந்தத் தையல்காரம்மா எந்தக் கூச்சமும் இல்லாமல் அளவெடுத்து சுவரில் சோக்கால் எழுதி வைத்திருந்தாள். கடைக்குப் போகும் வழியில் அப்பா அந்தச் சுவரைக் கடந்துதான் போயிருக்கிறார்.

சைக்கிள் வந்தது. கருஞ்சிவப்பு நிறம், அழகில் குறை சொல்ல முடியாது. நீ சொன்ன மாதிரியே அகலமான டயர், உயரமான கைப்பிடி, லேசான கியர், எல்லாம் இருந்தது. கோவிலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம். பூசாரி யார் பெயருக்கு அர்ச்சனை என்று கேட்டதும் அப்பா தயங்காமல் என் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சொன்னார். ஆகவே அது என்னுடைய சைக்கிள் என்று அம்மனுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

ஓட்டிப் பார்க்க ஸ்பிரிங்வெளிக்குக் கொண்டுபோனோம். காலையில் தொழிலாளர்களைக் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டுக்களம்தான் நம் மலையில் எனக்குத் தெரிந்த ஒரே மட்டமான நிலம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் இருக்கமாட்டார்கள் என்று நினைத்தேன். "டீச்சரம்மா சைக்கிள் ஓட்டப்போறாங்களாம், வாங்கடி" என்று லயமே வந்து நின்றது. பின்னால் அப்பா பிடித்துக்கொள்ள, முன்னால் மாமா மாட்டை மறிப்பதைப் போல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்க, ஒரு கல்லின் மேல் ஏறி அதிலிருந்து சைக்கிளின் மேல் ஏறினேன். இருக்கையை அடிமட்டம் வரை இறக்கியிருந்தார்கள், அப்படியும் கால் தரையை எட்டவில்லை. கைப்பிடியோ எனக்கு எட்டாத தூரத்தில் இருந்தது, கொடியில் காயப்போட்ட துணி மாதிரி அதன் மேல் கிடந்தேன். ஆனால் விதுஷா, ஓடியது. ஆசிரியர் கலாசாலையில் தோழிகளோடு கற்றுக்கொண்டது உடம்பில் எங்கேயோ இருந்திருக்கிறது. பாதிக் களம்வரை நன்றாகவே போனேன். நிறுத்தும்போதுதான் ஊன்றுவதற்குக் காலின் கீழே ஒன்றும் இல்லை. விழுந்தேன். முட்டி சிராய்ந்தது, மணிக்கட்டு வீங்கியது, வேறொன்றுமில்லை. நீங்க பயந்துட்டீங்கக்கா, அதான் என்றார் மாமா. பழகினா சரியாயிரும் என்றார் அப்பா. சேலை கட்டியிருந்தா விழுந்திருக்க மாட்டாங்க என்று கூட்டத்தில் ஒருத்தி சொன்னாள். சைக்கிள் பெரிது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. விழுந்தவள் சொன்னால் அது சாக்குப்போல இருக்கும் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

வீக்கம் வடியும்வரை சும்மா கிடந்தால் சங்கிலி துருப்பிடித்துவிடும் என்று அப்பா அதை எடுத்து ஒரு சுற்றுப் போனார். மறுநாளும் துருவைப் பற்றிக் கவலைப்பட்டார். இப்போது தினமும் விடிந்ததும் ஸ்பிரிங்வெளி ரோட்டில் ஏறி, தேநீர்க் கடையில் இறங்கி, யார் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்கள், யார் வீட்டில் சடங்கு என்று தோட்டத்துச் செய்தி எல்லாவற்றையும் சேகரித்துக்கொண்டு வருகிறார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து டீவியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த மனிதர் குளிக்கும்போது பாடுகிறார். சீனி வியாதி நன்றாக இறங்கியிருக்கிறது. டாக்டரே ஆச்சரியப்பட்டார். பார்க்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வாசலில் நின்று வழியனுப்பிவிட்டு உள்ளே வந்து முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன்.

அவர் உன்னிடம் போனில் அம்மா ஹாலிஎல வரைக்கும் போய்ட்டு வர்றா என்று சொன்னது பொய் என்று நீ நினைக்கக்கூடாது. அவருக்கு அது என் சைக்கிள். அது போன இடமெல்லாம் நான் போனதாகவே அவர் எண்ணிக்கொள்கிறார். பின்னால் நின்று நான் தலையாட்டியதுதான் பொய். அதற்குப் பிறகு நீ ஜனவரிக்கு லீவு எடுத்துவிட்டாய். உன் சைக்கிளையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வருகிறேன், வேனில் ஏற்றித் தெமோதரைக்குப் போய் அங்கிருந்து பதுளைவரை மெதுவாக இறங்குவோம், நீயும் நானும் மட்டும் அம்மா என்றாய். அந்த நீயும் நானும் மட்டும் என்ற சொல்லை நான் எத்தனை தடவை நினைத்துப் பார்த்திருப்பேன் என்று எழுதினால் நீ அழுவாய், எழுதவில்லை.

போன வியாழக்கிழமை அப்பா நமுனுகுலவுக்கு ஒரு காரியமாகப் போனார். நான் சல்வாரைப் போட்டுக்கொண்டு முன்ஸிப்பின் கடைக்குப் போனேன். அவர் தொழுகைக்குப் போயிருந்தார், அவர் மகள் அஸ்னாதான் இருந்தாள். விஷயத்தைச் சொன்னதும், அட, வாப்பாவோட சண்டை பிடிச்ச அந்த சேரா என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு உள்ளே கூட்டிப்போய், சுவரோடு நிறுத்தி, ஒரு புத்தகத்தை வைத்து அளந்தாள். ஒரு நிமிஷ வேலை. எனக்கு ஏற்ற அளவில் நீல நிறத்தில் ஒன்று, அன்றைக்கு அப்பா வாங்கியதற்குப் பக்கத்திலேயே நின்றதாம். அதே விலை. போன மாதம் பண்டாரவளையிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். அந்த அளவு திரும்ப எப்போது வரும் என்று தெரியாதாம். அந்த டாக்டரம்மாவின் சைக்கிளே பிரேக் பார்க்க வந்து பின்வளவில் நின்றது. அவங்க பின்னேரம்தான் வருவாங்க, ஒரு சுத்து சுத்திட்டு வாங்க டீச்சர் என்றாள். அடுத்தவர் பொருள் என்று தயங்கினேன். பிறகு ஏறினேன். கை சாதாரணமாகப் போய்க் கைப்பிடியில் நின்றது. முதுகு வளையவில்லை. வளவின் கோடியில் ஒரு சின்ன ஏற்றம், கியரை மாற்றியதும் முழங்கால் அதைக் கவனிக்கவே இல்லை. திரும்பி வந்து நிறுத்தினேன், கால் தரையில் ஊன்றியது. டீச்சர், நிப்பாட்டத் தேவல்ல, இன்னொரு சுத்து போங்க என்று அஸ்னா கத்தினாள். போனேன்.

இதைக் கேட்டதும் நீ என்ன செய்வாய் என்று தெரியும், அங்கிருந்தே இன்னொன்று வாங்கி அனுப்பப் பார்ப்பாய். வேண்டாம். இந்த வீட்டுக்கு இரண்டாவது சைக்கிள் வந்தால் முதலாவது என்னுடையது இல்லை என்று அப்பாவுக்குச் சொல்ல வேண்டிவரும். சொன்னால் அன்றைக்கே அதைத் துடைத்து, போர்வையால் மூடி, சாமான் அறையில் வைத்துவிட்டு டீவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். மனைவிக்கு வாங்கியதைத் தான் அனுபவித்தேன் என்ற எண்ணத்தை அவரால் தாங்க முடியாது. அவ்வளவு நல்ல மனிதர். கால் அளவு கேட்டதற்கே அந்தப் பாடு பட்டவர். அவருடைய சீனி இறங்கியிருப்பது எனக்குத் தெமோதரையைவிட முக்கியம். முன்னாலேயே வாயைத் திறந்து ஆளுக்கொரு சைக்கிள் என்று கேட்டிருந்தால் இரண்டும் கிடைத்திருக்கும், அதுதான் வருத்தம். ஜனவரியில் எனக்கு முழங்கால் நோவு என்று நான் சொல்லுவேன். நீ நம்பிக்கொண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போ. அவர் மேல் கோபப்படாதே, மாமாவின் மேல் வேண்டுமானால் கொஞ்சம் படலாம். இறக்கத்தில் அவரை முன்னால் விட்டு நீ பின்னால் வா, வளைவில் பிரேக் பிடிக்காமல் கும்பிடுகிற பழக்கம் அவருக்கு வந்திருக்கிறது. எனக்கும் ஆசை இருந்தது என்று ஒரு ஆளுக்காவது தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன்.

நோய்நொடி இல்லாமல், நல்ல மனிதர்கள் சூழ, நீண்ட காலம் நீ நன்றாக இருக்க வேண்டும். ராத்திரிச் சாப்பாட்டைத் தவறவிடாதே. ஹெல்மெட் இல்லாமல் ஏறாதே. ஞாயிற்றுக்கிழமை போனில் பேசும்போது, அம்மா இந்த வாரம் எவ்வளவு தூரம் போனாள் என்று மறக்காமல் அப்பாவிடம் கேள். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

என்றும் உன் நினைவில் இருக்கும்
அம்மா