ஒரு சாண் கூடுதல்

நிக்டி, புனே
ஞாயிறு மாலை

அன்புள்ள ப்ரீதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் கால்கரிக் குளிரும் சண்டையில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அப்பாவுக்குக் கண் அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. சொட்டு மருந்தை மறந்துவிடுகிறார். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மட்டும் மறப்பதில்லை, அதைச் சொல்லியே என்னையும் ஓட்டவிடாமல் செய்யப் பார்க்கிறார். உனக்குத் தமிழ் படிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும். தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். வாட்ஸாப்பில் போட்டால் பாதி படிப்பதற்குள் கட்டைவிரல் படம் வந்துவிடும். இதை எழுத்துக்கூட்டிப் படி. தாளைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

நம் ஜென் கார் விஷயம்தான். பேஸ்மென்ட்டிலிருந்து மேலே வரும் சரிவில் வண்டி பாதியில் அணைந்து, பின்னால் உருண்டு, மூன்றாம் மாடி ரோஹிணியின் காரில் முட்டியதை அப்பா உனக்குச் சொல்லிவிட்டார். அதற்கு முன்பே பல நாள் அது முனகிக்கொண்டுதான் ஏறியது என்பதை நான் யாருக்கும் சொல்லவில்லை. ரோஹிணி இறங்கி வந்து பம்பரைத் தடவிப் பார்த்தாள். பரவாயில்லை காக்கூ, எல்லாருக்கும் ஆகறதுதான் என்று மராத்தியில் சொன்னாள். திட்டியிருந்தால் நானும் இரண்டு வார்த்தை பேசியிருப்பேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னாள், ஆஸ்பத்திரியில் பேசுகிற மாதிரி. வாட்ச்மேன் ஓடி வந்து, நீங்க இறங்குங்க மாதாஜி, நான் ஏத்தித் தர்றேன் என்றான். இறங்கினேன். சாவியைக் கொடுத்தேன். அவன் எஞ்சினை அலறவிட்டுக் கிளட்ச் கருகும் நாற்றத்தோடு ஏற்றினான். அந்த நாற்றத்தை நான் கவனித்திருக்க வேண்டும். என் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். இந்த வயசுல எதுக்கு இந்த வீரம், போன்ல தட்டினா ஆட்டோ வாசல்ல வந்து நிக்குது, நீ என்ன மிலிட்டரியிலயா சேரப் போற என்றார். நீ போனில், ரிஃப்ளெக்ஸ் குறையறது நேச்சுரல்மா, இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல என்றாய். மறுநாளே அங்கிருந்தபடி வண்டி விற்பனைக்கு என்று விளம்பரம் போட்டுவிட்டாய், போட்டோவோடு, அப்பா நம்பரோடு. நான் தடுக்கவில்லை. ஏனென்றால் நானும் நம்பிவிட்டேன். அதுதான் இப்போது ஆச்சரியமாக இருக்கிறது. கட்கிப் பள்ளிக்கூடத்தில் அத்தனை வருடம் இயற்பியல் எடுத்தவள். ஒரு பொருள் நகரவில்லையா, எந்தெந்த விசை அதன்மேல் இருக்கிறது என்று முதலில் கேள் என்று பிள்ளைகளை விரட்டியவள். என் விஷயத்தில் கேட்கவில்லை. வயது என்றார்கள். சரி என்றேன். மெக்கானிக் ரஃபீக் கிளட்ச் பிளேட்டை மாற்றிப் பார்த்தார், மாற்றியும் சரிவில் அதே முனகல். வண்டிக்கும் வயசாயிடுச்சு மேடம் என்றார், சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

விற்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்று புதன்கிழமை கட்கிக்கு ஜான்சி ஆன்ட்டி வீட்டுக்குப் போனேன். வாட்ச்மேன்தான் மேலே ஏற்றிக் கொடுத்தான். சமதரையில் ஓட்ட எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்த காலத்திலிருந்து போய்வருகிற வழி, நம் கேட்டிலிருந்து அவள் கேட்டுக்கு மீட்டரில் பதினான்கு கிலோமீட்டர் காட்டும். அன்றைக்குத்தான் கவனித்தேன், பதின்மூன்றைக்கூடத் தொடவில்லை. ஜான்சியிடம் சொன்னேன். ரோடு சுருங்கிடுச்சா, இல்ல நீ பறந்து வந்தியாடி என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். திரும்பி வரும்போது சிரிப்பு நின்றுவிட்டது. ரோடு சுருங்காது. அப்படியென்றால் சக்கரம் குறைவாகச் சுற்றியிருக்கிறது. போன சித்திரையில் நீ வந்திருந்தபோது, ஸ்பீட் பிரேக்கரில் எல்லாம் வண்டி வயிறு தட்டுதே அம்மா என்று ஆசையாகப் பெரிய டயர் வாங்கிப் போட்டாயே. அது ஞாபகம் வந்தது. முனகல் ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

பார்க்கிங்கில் டயரிலும் தரையிலும் சாக்பீஸால் கோடு போட்டேன். ஒரு முழுச் சுற்று உருட்டி, தையல் டேப்பால் அளந்தேன். அப்போது கழற்றி ஸ்கூட்டர்களுக்குப் பின்னால் போட்ட பழைய சக்கரம் ஒன்றையும் உருட்டிப் பார்த்தேன். அப்பா கீழே வந்து இடுப்பில் கை வைத்து நின்று, என்ன, டயருக்கு ஜாக்கெட் தைக்கப் போறியா என்றார். இரண்டு அளவையும் ஒப்பிட்டேன். ஒரு சுற்றுக்கு என் கையால் ஒரு சாண் கூடுதல். ஒரு சாண்தானே என்பாய். அப்பாவும் அதைத்தான் சொன்னார். யோசித்துப் பார். மாடிப்படி ஒவ்வொன்றையும் கொஞ்சம் உயரமாகக் கட்டிவிட்டால் படிகள் குறையும், முட்டி கதறும். எஞ்சின் அதேதான், கியர் அதேதான், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு அதிக தூரம் வண்டியைத் தள்ளச் சொல்கிறோம். அப்போது தள்ளும் விசையும் அந்த அளவுக்குக் குறைகிறது. முதல் கியர் இரண்டாவதை நோக்கிக் கொஞ்சம் நகர்ந்துவிட்டது. புது வண்டியாக இருந்தால் கையிருப்புப் பலம் இருக்கும், தெரியாது. இது பழைய எஞ்சின். நம் பேஸ்மென்ட் சரிவுக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுதான் அதனிடம் இருந்தது. அதிலிருந்துதான் எடுத்திருக்கிறோம். நாசிக் ரோட்டில் லாரியை முந்த அழுத்தினால் யோசித்து யோசித்து வேகம் எடுத்ததும், ஐந்தாவதிலிருந்து நான்காவதுக்கு இறக்கினால்தான் உயிர் வந்ததும் இதனால்தான். ஸ்பீடாமீட்டர் முள்கூட இத்தனை நாளும் குறைத்துத்தான் காட்டியிருக்கிறது. மெதுவாகப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு வேகமாகப் போயிருக்கிறேன்.

நேற்று ரஃபீக்கிடம் கொண்டுபோனேன். உள்ளே பல்சக்கரத்தை மாற்றினால் பெரிய டயரையே வைத்துக்கொள்ளலாம், ஆனால் இந்த வண்டிக்கு அந்தச் செலவு அதிகம் மேடம் என்றார். பழைய அளவே போதும் என்றேன். பொண்ணு ஆசையாப் போட்டது, கழட்டினா கோவிச்சுக்காதா என்று கேட்டார். அவளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்றேன். பேசிக்கொண்டிருக்கிறேன். பழைய ரிம்மில் புது டயர் போட்டாயிற்று. சாயங்காலம் பேஸ்மென்ட்டில் இறக்கி, வாட்ச்மேனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுச் சரிவில் ஏற்றினேன். பாதியில் அணைந்துவிட்டது.

அது டயர் இல்லை. நான். கால் சரியாகத்தான் இருந்தது, காலை நம்பாமல் கிளட்ச்சை அவசரமாக விட்டுவிட்டேன். இத்தனை பேர் சொன்னது உடம்புக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது. சரிவின் உச்சியில் அப்பா நின்றிருந்தார், எப்போது வந்தார் என்று தெரியவில்லை. கையை மட்டும் தூக்கி, வா என்றார். ஹேண்ட்பிரேக். முதல் கியர். கிளட்ச் பிடிக்கும் இடம் வரும்வரை காத்திருந்தேன். விட்டேன். ஏறியது. முனகலும் இல்லை, நாற்றமும் இல்லை, முன்பெல்லாம் ஏறுகிற மாதிரி ஏறியது. மேலே போய் நிறுத்தினேன். அப்பா ஜன்னல் பக்கம் குனிந்து, ஏசி போட்டுக்கிட்டா ஏத்துன என்றார். ஆமாம், அந்தச் சுமையையும் சேர்த்துத்தான் என்றேன். கதவைத் திறந்து பக்கத்தில் உட்கார்ந்து பெல்ட் போட்டுக்கொண்டார். அந்த நேரத்தில் கடைத்தெரு வரை போய் வெறுமனே ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம்.

இன்று காலையில் உன் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ரஞ்சன்காவ் ஃபேக்டரியில் வேலை செய்யும் ஒரு பையன் வந்தான். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு முகம் வாடி, போட்டோல இருந்த டயர் எங்க காக்கூ என்று கேட்டான். அவனிடம் வேறு வண்டி இருக்கிறதாம், அதற்கு அந்த அளவு பொருந்துமாம். கழற்றி வைத்த நாலையும் விலை கொடுத்து எடுத்துக்கொண்டு போனான். ஆகவே விற்க வேண்டியது விற்றாயிற்று. விளம்பரத்தை இன்றைக்கே எடுத்துவிடு.

உன்மேல் வருத்தமில்லை. வயிறு தட்டுகிறதே என்றுதான் செய்தாய். இனி மறுபடியும் தட்டும். தட்டட்டும், மெதுவாக ஏற்றி இறக்கிக்கொள்கிறேன். ஆனால் அடுத்த முறை எனக்கு ஏதாவது முடியவில்லை என்று கேள்விப்பட்டால், முதலில் என்னைக் கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேள். நானும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. கையுறை இல்லாமல் வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நிறைவாகவும் துணிச்சலாகவும் இரு, எங்கள் இருவரின் ஆசியும் உன்னோடுதான். டிசம்பரில் நீ இறங்கும்போது டாக்ஸி போடாதே. லோஹ்காவ் ஏர்போர்ட்டுக்கு வண்டி வரும். அப்பா பின்னால் உட்காருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நீ என் பக்கத்தில்.

என்றும் உன் அம்மா,
மங்கையர்க்கரசி