தேதி எழுதாத கடிதம்

அண்ணே,

இந்நேரத்தில் எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பாப்பா இப்போதுதான் தூங்கினாள். சாயங்காலம் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் ஆங்கில நோட்டை நீட்டினாள். பக்கம் முழுக்கச் சிவப்பு மை. பார்க்க முடியாமல் மூடிவைத்துவிட்டேன்.

பட்டாளத்தில் அடுத்த படி ஏற ஆங்கிலப் பரீட்சை எழுத வேண்டும் என்று ஒரு லீவில் வந்து சொன்னாய். பி.ஏ. ஆங்கிலம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த எனக்கு அது பெரிய உத்தியோகமாகப் போயிற்று. நீ ஆங்கிலத்தில் கடிதம் எழுதுவாய். நான் சிவப்பு மையால் திருத்தி, பத்துக்கு மார்க் போட்டு, அதே தாளைத் திருப்பி அனுப்புவேன். தப்பை நீ மூன்று தடவை சரியாக எழுதிப் பழக வேண்டும். கல்யாணமாகி கே.கே. நகருக்கு வந்த பிறகும் நான் விடவில்லை. "வாத்தியாரம்மா, மார்க்கைக் கொஞ்சம் தாராளமாப் போடுங்க. நம்ம அப்பன் வீட்டுச் சொத்தா கரையப் போகுது?" என்பாய்.

பாப்பாவுக்கு ஐந்தாம் மாதம் நடந்தபோது ராஜஸ்தான் எல்லையிலிருந்து அந்தக் கடிதம் வந்தது. போன் வசதிகூட இல்லாத இடம். கண்ணிவெடி புதைக்கிற வேலை என்று கேள்விப்பட்டு நான் பயந்து எழுதியிருந்தேன். 'நாங்கள் புதைப்பது எல்லாம் ஆன்டி டேங்க். மனுஷன் மிதித்தால் வெடிக்காது, டேங்கோ லாரியோ ஏற வேண்டும்' என்று உன் ஆங்கிலத்தில் தைரியம் சொல்லியிருந்தாய். கடைசி வரியில் ஒரு கேள்வி. காதுகுத்து என்றைக்கு? தாய்மாமன் மடி வேண்டுமே, தேதி தெரிந்தால்தான் லீவு கேட்க முடியும், உடனே எழுது.

நான் 'ஆன்டி டேங்க்' என்பதைச் சுழித்தேன். 'இது பெயரடை. இப்படித் தனியாக விடாதே. கன், மிஸைல், மைன் என்று பின்னால் ஒரு பெயர் வர வேண்டும்' என்று ஓரத்தில் எழுதி, ஆறு மார்க் போட்டேன். பாப்பாவுக்கு அன்று காய்ச்சல். தேதியைத் தனியாக எழுதிக்கொள்ளலாம் என்று உறையை ஒட்டிவிட்டேன்.

தேதி குறித்தாகியிருந்தது அண்ணே. அடுப்படிக் காலண்டரில் வட்டம் போட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அந்தத் தனிக் கடிதத்தை நான் எழுதவே இல்லை.

நீ சொன்னது பொய்யில்லை. நீ மிதிக்கவில்லை. நீ போன லாரிதான் ஏறியது. காதுகுத்துக்கு இரண்டே நாள் இருந்தது. லீவு கிடைத்திருந்தால் நீ ரயிலில் இருந்திருப்பாய்.

பிறகு உன் கறுப்புப் பெட்டி வந்தது. துணிகளுக்கு அடியில் அந்தத் தாள். கன், மிஸைல், மைன் மூன்றுக்கும் முன்னால் அந்தச் சொல்லை ஒழுங்காக நிறுத்தி, மூன்று மூன்று தடவை எழுதியிருந்தாய். அதற்கும் கீழே தமிழில் ஒரு வரி. "எல்லாஞ் சரி வாத்தியாரம்மா, தேதி எங்க?"

அம்மாவிடம் நான் அதைக் காட்டவில்லை. ஆறு வருஷமாக யார் நாள் பார்த்தாலும் ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுகிறேன். "எம்புட்டு நாளைக்குத்தான் புள்ளைய மூளிக்காதோட வச்சிருப்ப? பெரியப்பா மகன் மடியில உக்காந்தா கம்மல் ஏறாதா?" என்று அம்மா நேற்றும் கேட்டது. இன்று நோட்டை மூடியதும் பாப்பாவே கேட்டாள். "எல்லாரும் தோடு போட்டிருக்காங்க. நான் மட்டும் என்னம்மா தப்பு பண்ணேன்?"

அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

ஆவணி முதல் ஞாயிறு, காலை ஒன்பது மணி, கீழக்குயில்குடி அய்யனார் கோயில். பெரியப்பா மகன் மடியில்தான் உட்கார வைக்கப் போகிறோம். கோபித்துக்கொள்ளாதே.

தேதி எழுதிவிட்டேன் அண்ணே. இந்த வீட்டில் சிவப்பு மைப் பேனா இப்போது கிடையாது. எப்படி வேண்டுமானாலும் எழுது. சீக்கிரம் பதில் போடு.