பதினேழாம் எண் பெல்ட்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலம். உன் நலத்தை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நான்கு நாளாய்த் தவிக்கிறேன். உன் போன் அணைந்தே கிடக்கிறது. உங்கள் கட்டட ஆபீசுக்கு மூன்று முறை அடித்தேன். சாரம் கட்டுறவங்களை எல்லாம் கீழே கூப்பிட முடியாதும்மா என்று வைத்துவிட்டார்கள். எங்கள் கம்பெனி லாரி இன்று அங்கே ஹெல்மெட் இறக்க வருகிறது. நானும் ஏறி வருகிறேன் என்றேன், லாரியில் ஆள் ஏற்றக் கூடாதாம். டிரைவரிடம் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். உன் கையில்தான் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறார்.

முதலில் ஒன்று. சாரத்தில் ஏற மாட்டிக்கொள்ளும் அந்தப் புது பாதுகாப்பு பெல்ட் உடம்பில் இருந்தால் இப்போதே கழற்று. மீதியைப் பிறகு படி.

போன மாதம் கம்பெனியில் பெல்ட் தைக்கும் நூல் தீர்ந்து, வேறு நூல் கொண்டுவந்தார்கள். பளபளவென்று இருந்தது. விரலில் சுற்றி இழுத்தால் பட்டென்று அறுந்தது. சூப்பர்வைசரிடம் காட்டினேன். நூல் பார்க்கவா உன்னை வெச்சிருக்கோம், தைம்மா என்றார். தைத்தேன். மூன்று நாள் அதில்தான் தைத்தேன். நாலாம் நாள் சோதனைக்கு ஒரு பெல்ட்டில் மணல் மூட்டையைக் கட்டி மேலிருந்து விட்டார்கள். தோள்பட்டைத் தையல் பிரிந்து, மூட்டை தரையில் விழுந்து வெடித்தது. இரண்டாவதும் அப்படியே. எல்லாவற்றையும் வெட்டிப் போடுவார்கள் என்று நினைத்தேன். மதியம் சாப்பிட்டு வருவதற்குள், சோதித்தாயிற்று என்று முத்திரை குத்திப் பெட்டிகளை ஏற்றியிருந்தார்கள். வாயைத் திறந்தால் நாளைக்கு வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் எங்களை நிறுத்தி வைத்துச் சொன்னார்.

அது உங்கள் இடத்துக்குப் போகிறது என்று எனக்குத் தெரியாது. சத்தியமாய்த் தெரியாதுடா.

வியாழக்கிழமை நீ கூப்பிட்டபோதுதான் தெரிந்தது. புது பெல்ட் வந்திருக்குக்கா, லேபிள்ல பதினேழுன்னு உன் மெஷின் நம்பர் இருந்துச்சு, குவியலைக் கிளறி அதைத்தான் எடுத்தேன் என்றாய். எங்கக்கா தைச்சது, யானையைத் தொங்கவிட்டாலும் அறுகாதுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன் என்று சிரித்தாய். சூப்பர்வைசர் என் பின்னாலேயே நின்றிருந்தார். பார்த்து ஏறுடா என்று மட்டும் சொன்னேன். நீ வைத்துவிட்டாய். வாசலுக்கு ஓடிவந்து திரும்ப அடித்தேன். நீ எடுக்கவில்லை. அதற்குப் பிறகு மணியே அடிக்கவில்லை.

அந்த ஒரு நிமிஷம் நான் ஏன் பேசவில்லை என்று கேட்காதே. வேலை போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான்.

மறுநாள், சோதனையில் அறுந்து குப்பையில் கிடந்த பெல்ட்டை எடுத்துக்கொண்டு பாதுகாப்பு ஆய்வு ஆபீசுக்குப் போனேன். அதிகாரி லீவாம். மனு எழுதி வெச்சுட்டுப் போங்க என்றார்கள். தைத்தவளே நான்தான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இன்று காலை வேலைக்குப் போனால் என் மெஷினில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அதுவும் போயிற்று.

அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்திருக்கிறது. சின்னவன் பேசினானா என்று தினமும் கேட்கிறாள். பேசினான் என்கிறேன். உன் மனைவியிடமும் அதே பொய்தான். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விடுகிறாள். உன் மகள் நடக்கிறாள். விழுந்தால் அழாமல் தரையை அடிக்கிறாள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான் மட்டும் ஓடிப்போய்த் தூக்கிக்கொள்கிறேன்.

தம்பி, உன் பேச்சை நம்பித்தான் மற்றவர்களும் அதை மாட்டியிருப்பார்கள். ஒருத்தரையும் மேலே விடாதே. மேஸ்திரி கத்தினால், தைச்ச எங்கக்காவே சொல்றா என்று சொல். அறுந்த துண்டில் பாதியை இத்துடன் வைத்திருக்கிறேன், காட்டு. அதற்கும் கேட்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடு. ஏதாவது செய்து பிழைத்துக்கொள்ளலாம்.

டிரைவர் நாளை மதியம் திரும்புவார். அதுவரை கம்பெனி வாசலிலேயே நிற்பேன். அவரிடம் ஒரு வரி எழுதிக் கொடுத்தனுப்பு. என்னைத் திட்டி எழுது. இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றுகூட எழுது. உன் கையெழுத்தாக இருந்தால் போதும்.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அக்கா