தண்ணீர் கேட்காத எஞ்சின்

இன்று காலை, வால்வு இடைவெளி அளக்கும் உன் ஃபீலர் கேஜைச் சுற்றியிருந்த துணியைப் பிரித்தேன். எண்ணெயும் மண்ணெண்ணெயும் கலந்த அந்த வாசனை எழுந்தது. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்து தாராவியிலிருந்து செம்பூரில் என் வீட்டுக்கு நீ வரும்போது உன் பையிலிருந்து வருமே, அதே வாசனை. நீ போய் ஒரு வருடம் ஆகிவிட்டது. துணியை நான் துவைக்கவில்லை.

அம்பர்நாத் தொழிற்சாலையில் நீ ஃபிட்டர், நான் ஸ்டோர்ஸ் கிளார்க். மேனேஜர் கழித்துக்கட்டிய பழைய பீட்டில் காரை நான் வாங்கியபோது ஷிஃப்டே சிரித்தது. நீ மட்டும் நேராக, எஞ்சின் இருக்கும் பின்பக்கம் போய் மூடியைத் திறந்தாய். "ரேடியேட்டரே கெடையாதுலே. தண்ணியே கேக்காது. காத்துலயே ஆறிக்கிடும். ஒன்ன மாதிரி இல்ல, நல்ல எஞ்சின்" என்றாய். அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு ஞாயிறு, டேப்பட் பார்க்க, அதாவது வால்வு இடைவெளியைச் சரிசெய்ய, நீயாகவே வந்துவிடுவாய்.

உனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். எஞ்சின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சூட்டில் இரும்பு விரிந்திருக்கும்போது இடைவெளி பார்த்தால் அது பொய்க்கணக்கு என்பாய். சனிக்கிழமை மாலைக்குப் பிறகு நான் சாவியைத் தொடக்கூடாது. நீ வந்ததும் பின்மூடியில் உள்ளங்கையை வைத்து, பம்பாய் இந்தியில், "தண்டா?" என்று கேட்பாய். நானும் "தண்டா" என்பேன். ஆறிவிட்டது என்று அர்த்தம். பிறகு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டு, காருக்கு அடியில் படுத்துக்கொள்வாய். ஸ்பானர் போட்டு எஞ்சினைச் சுற்றிவிடுவது என் வேலை. கேஜின் மெல்லிய தகட்டை வால்வுக்கு மேலே விட்டு இழுத்துப் பார்ப்பாய். இறுக்கவும் கூடாது, வழுக்கவும் கூடாது.

எஞ்சினிலிருந்து டிக் டிக் என்று வரும் சத்தம் எனக்குப் பிடிக்காது, இன்னும் கொஞ்சம் இறுக்கேன் என்பேன். "சத்தம் போடுத வால்வு பொழச்சிக்கிடும்லே. சத்தமில்லாம இருக்குதுதான் உள்ளுக்குள்ள கருகும்" என்று அடியிலிருந்தே திட்டுவாய்.

அந்த ஞாயிறைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பூவும் வாழையிலையும் வாங்க மாட்டுங்காவுக்குப் போக வேண்டியிருந்தது. ஆட்டோவில் போயிருக்கலாம். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை. வண்டியை எடுத்தேன். திரும்பி வந்து நிறுத்திய பிறகுதான் அன்றைக்கு உன் முறை என்பது உறைத்தது. உண்மையைச் சொன்னால் அதே பஸ்ஸில் திரும்பிப் போய்விடுவாய் என்று தெரியும். குழாயடியிலிருந்து இரண்டு மக் தண்ணீர் பிடித்துப் பின்மூடியின் மேல் ஊற்றினேன். தண்ணீரே கேட்காத எஞ்சினுக்கு!

கால் மணி நேரத்தில் நீ வந்தாய். ஈர மூடியில் கை வைத்தாய்.

"என்னலே, ஈரமா இருக்கு?"

"வண்டி கழுவினேன்டா."

"தண்டா?"

"தண்டா."

நீ என் சொல்லை நம்பி அடியில் போய்க் கையை நீட்டினாய். வால்வு மூடிக்குப் பக்கத்திலேயே புகைக்குழாய். மணிக்கட்டு அதில் பட்ட சத்தம் எனக்கே கேட்டது. வெளியே வந்து, குழாயடியில் கையைக் காட்டிக்கொண்டு நின்றாய். திட்டவில்லை. என் மனைவி இட்லி சாப்பிடக் கூப்பிட்டாள், வேண்டாம் என்றாய். கேஜைத் துணியில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு கேட்டைத் தாண்டினாய். வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் அடுத்த நாளே உன் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். நீ பேசாமல் போனதில் வெட்கம் வந்து, போன்கூடச் செய்யவில்லை. மூன்று மாதம் கழித்து எப்படியும் வருவாய், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

இரண்டரை மாதத்தில் நெஞ்சு வலி வந்து உன்னைக் கொண்டுபோய்விட்டது. பெட்டிக்குள் ஜெபமாலை சுற்றிய உன் கைகளைப் பார்த்தேன். வலது மணிக்கட்டில் விரல் நீளத்துக்குக் கறுத்த வடு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் மனைவி நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார்.

"எஞ்சின் ஆறுறதுக்கு முந்தி அவசரப்பட்டுத் தொட்டுட்டேன்னு சொன்னாவ அண்ணே. என் கவனக்குறைவுதான்னாவ. ஊருக்கெல்லாம் புத்தி சொல்லுத மனுசன், பாருங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. அடக்கம் முடிந்து கிளம்பும்போது கேஜைத் துணியோடு கொண்டுவந்து கொடுத்தார். "இந்த மாசக் கடைசி ஞாயிறு ஒங்க வீட்டுக்குப் போகணும்னு தொடச்சு எடுத்து வச்சிருந்தாவ."

நீ வருவதாகத்தான் இருந்திருக்கிறாய்.

இப்போது டேப்பட்டை நானே பார்க்கிறேன். சனிக்கிழமை மாலையே சாவியை மனைவியிடம் கொடுத்துவிடுகிறேன். இன்று காலை பக்கத்து வீட்டுக்காரர் டெம்போ வர வேண்டும், வண்டியைக் கொஞ்சம் நகர்த்துங்கள் என்றார். ஸ்டார்ட் செய்ய மாட்டேன், தள்ளலாம் வாருங்கள் என்றேன். கிழவனுக்குக் கிறுக்கு என்று நினைத்திருப்பார், தள்ளினார்.

வேலை முடிந்து ஸ்டார்ட் செய்தேன். டிக் டிக் என்று நீ சொன்ன சத்தம் சரியாக வருகிறது. உன் வீட்டில் மட்டும் நீ இன்னும் கவனமில்லாதவனாகவே இருக்கிறாய். டேப்பட் பார்த்துவிட்டு, அதே வண்டியில் தாராவிக்குப் போய் உன் மனைவியிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன் என்று நான்கு முறை கிளம்பி, பாதி வழியில் சயன் வரை போய்த் திரும்பியிருக்கிறேன். இன்றைக்கு ஐந்தாவது முறை. வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.