இஷ்பெலின் நான்காவது படம்

12 ஜனவரி 2024, எஸ்பியர்க், டென்மார்க்

குளிர். ஒலிவாங்கியைப் பிடித்திருந்த விரல்கள் என்னுடையவை போலவே இல்லை. இன்று அப்பா வேலை செய்யும் மீன் தொழிற்சாலையில் அவரைப் படம் எடுத்தோம். கமராவில் இஷ்பெல், ஒலிக்கு நான்.

இஷ்பெல் ஸ்கொட்லாந்துக்காரர். வயது ஐம்பத்து நான்கு. தீவுப் படகுக்காரர்களைப் பற்றிய முதற்படம் பரிசு வாங்கியது. இரண்டாவதை யாரும் பார்க்கவில்லை. மூன்றாவது பாதியில் நின்றது. ஒரு டேனிஷ்காரரைக் கலியாணம் செய்து இங்கே வந்தார். கலியாணம் போய்விட்டது, இஷ்பெல் போகவில்லை. காலையில் பேக்கரி வேலை. இது நான்காவது படம். இதுவும் சரிவராவிட்டால் இனி எடுப்பதில்லை என்கிறார். வானிலை சொல்வதுபோலச் சொல்கிறார்.

இடைவேளையில் அப்பா: "மீன் வெட்டுறதைப் பாக்க ஆர் வரப்போகினம், பிள்ளை?"

"வருவினம் அப்பா."

"வந்தா ரெண்டு மீனை வெட்டிப்போட்டுப் போகச் சொல்லு. எனக்குக் கை விறைக்குது."

13 ஜனவரி

இஷ்பெலின் முறை: எடுத்ததை அன்று மாலையே, எடுக்கப்பட்டவருக்குப் போட்டுக் காட்டுவார். "இது இருக்கலாமா?" வேண்டாம் என்றால் அழித்துவிடுவார். முதற்படத்தின் மிக நல்ல காட்சி அப்படித்தான் போனதாம்.

நேற்று மாலை அப்பா சோபாவில் இருந்து தன்னைத் தானே பார்த்தார். தலையில் வலைத்தொப்பி, ரப்பர் பூட்ஸ், கையெல்லாம் செதில்.

"ஓம், இருக்கட்டும். வயிறுதான் கொஞ்சம் தெரியுது."

குசினியிலிருந்து அம்மா: "கொஞ்சமோ?"

2 மார்ச்

கோப்பன்ஹேகனில் ஒரு விழா நாங்கள் தொகுத்த முதல் வெட்டைப் பார்த்துவிட்டுத் தெரிவு செய்திருக்கிறது. நவம்பரில் திரையிடல். இஷ்பெல் பேக்கரியின் பின்வாசலில் இருந்து அழுதார். கன்னமெல்லாம் மா.

19 ஏப்ரல்

அப்பா. வேலைக்குப் போகச் சப்பாத்துப் போடும்போது. மாரடைப்பு.

21 ஏப்ரல்

அம்மா இன்று என்னிடம் கேட்ட ஒரே கேள்வி: "செத்தவீட்டை இஷ்பெல்தானே எடுப்பா?"

அப்பாவின் அக்கா ஒருவர் டொரன்டோவில், மற்றவர் வவுனியாவில். இருவராலும் வரமுடியாது. வரமுடியாதவர்கள் வந்து நின்று அழுகிற இடம், எங்கள் சனங்களுக்கு, அந்த வீடியோதான். அம்மா இருவருக்கும் ஏற்கெனவே சொல்லிவிட்டார். "பெரிய படம் எடுக்கிற ஆள். எங்கடை வீட்டு ஆள் மாதிரி. வடிவா எடுப்பா."

இஷ்பெலிடம் கேட்டேன். கையிலிருந்த மாவைத் தட்டினார். பிறகு: "மாலையில் யாருக்குப் போட்டுக் காட்டுவேன், சாரங்கி? என்னால் முடியாது."

அம்மாவிடம் சொன்னேன். நம்பவில்லை. "அவா கமரா கொண்டருவா. நீ பார்."

24 ஏப்ரல்

இஷ்பெல் வந்தார். கறுப்புக் கோட். வெறுங்கை. கடைசி வரிசை.

கோல்டிங் நகரில் கலியாண வீடியோ எடுக்கிற அந்தோனிதாசன் அண்ணையைக் கடைசி நேரத்தில் கூப்பிட்டிருந்தோம். லைற் பிடித்தார், போனில் நேரலையும் விட்டார். "தங்கச்சி, கொஞ்சம் இஞ்சாலை வாங்கோ, டொரன்டோவுக்கு முகம் தெரியேல்லையாம்."

அம்மா அழவில்லை. இஷ்பெலின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபிறகு: "செதிலோடை நிக்கேக்கை எடுத்தவ. இண்டைக்குப் பட்டு வேட்டியும் மாலையுமாக் கிடந்தவர், இண்டைக்கு எடுக்க மனமில்லை. அந்தச் செதில் கோலத்திலையோ உலகம் அவரைப் பாக்க வேணும்?"

"அம்மா, அவா மரியாதைக்குத்தான்—"

"ஆரின்ரை மரியாதை?"

 

20 மே

முப்பத்தொராம் நாள் சடங்கு முடிந்தது. இஷ்பெல் லப்டொப்புடன் வந்தார். அப்பா இல்லை, இனி அம்மாவிடம்தான் கேட்கவேண்டும் என்பது அவர் கணக்கு. அம்மா திரையைப் பார்க்கவேயில்லை. ஒரு சொல். டேனிஷில். "நை." வேண்டாம்.

படிக்கட்டில் நான் கத்தினேன். அப்பா ஓம் எண்டவர்! நீங்கள் ஏன் திரும்பக் கேட்டனீங்கள்? ஆர் கேக்கச் சொன்னது? தமிழில் கத்தியது பிறகுதான் விளங்கியது. டேனிஷில் திரும்பச் சொன்னேன், மெதுவாக. அழிக்காமலாவது வைத்திருங்கள்.

"வைத்திருந்தால் ஒருநாள் பயன்படுத்துவேன்," என்றார். "என்னை எனக்குத் தெரியும்."

22 மே

அழித்துவிட்டார். என்னிடமிருந்த ஒலியையும் கேட்டார். கொடுத்தேன். ஏன் கொடுத்தேன்?

படம் இல்லை என்று விழாவுக்கும் அறிவித்தாயிற்று. அப்பாவை நீக்கிவிட்டால் மிச்சம் ஒரு கட்டடமும் கொஞ்சம் மீனும்.

3 ஓகஸ்ட்

இஷ்பெல் ஊருக்கே திரும்பிப் போகிறார். ஓபன் என்கிற துறைமுகத்தில், தீவுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலை. கமராவை ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்துவிட்டார்.

ரயில் மேடையில், ஏதாவது சொல்லவேண்டுமே என்று: "நான்கு படம் எடுத்திருக்கிறீர்கள்."

"இரண்டரை," என்று திருத்தினார். சிரித்தோம். கதவு மூடியது.

29 செப்டெம்பர்

அம்மா இன்றும் அந்தோனிதாசன் அண்ணையின் வீடியோவைப் போட்டார். எல்லாரும் அழுகிறார்கள், எல்லாரும் ஏதோ சொல்கிறார்கள். அப்பா மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

17 நவம்பர்

ஞாயிறு. அம்மா தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டிருந்தார்.

"இஷ்பெல் எடுத்ததிலை அப்பா கதைச்சவரெல்லே?"

"ஓம்."

"ஒருக்காப் போடு, பாப்பம்."

"இல்லை அம்மா. அழிச்சாச்சு."

"ஆர் அழிக்கச் சொன்னது?"

அம்மா மேசை விரிப்பை நீவினார். நீவ அதில் ஒன்றுமில்லை.

"வேண்டாமெண்டா உண்மையாவே அழிக்கிறதோ? விசர் மனிசி." பிறகு, "அப்ப அவவின்ரை படம்?"

"அதுவும் இல்லை. இனி எடுக்கமாட்டா."

அம்மா போனை என் பக்கம் தள்ளினார். "நம்பரை அடி."

பின்னால் கடற்பறவைகளின் சத்தம். இரண்டு பேருக்கும் சொந்தமில்லாத மொழியில், முதலில் சுகம் விசாரிப்பு. பிறகு அம்மா கேட்டார்: அதில் என் மனுசன் என்ன செய்கிறார்?

 

இஷ்பெல் சொல்லத் தொடங்கினார். முதற்காட்சியிலிருந்து. இன்னும் இருட்டு. தொழிற்சாலை வாசல். சைக்கிளில் வருகிறார். இறங்கி, சீற்றிலிருக்கும் பனியைக் கையால் துடைக்கிறார். யாரோ கூப்பிட, திரும்பாமலே ஏதோ பகிடி விடுகிறார். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒவ்வொரு காட்சியையும் அது திரையில் நிற்கிற அளவுக்கே மெதுவாகச் சொன்னார், எங்கே வெட்டு விழுமோ அங்கே நிறுத்தினார்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறார். நான் பக்கத்தில் இருந்து இதை எழுதுகிறேன்.

"கையுறையைக் கழற்றுகிறார்," என்கிறது போன். "கமராவைப் பார்க்கிறார். பார்க்கவேண்டாம் என்று சொல்லியிருந்தேன். பார்க்கிறார்."

"பிறகு?" என்கிறார் அம்மா.