வெற்றுத்தாளில் கையெழுத்து

14 ஆகஸ்ட் 2025, திண்டிவனம்

சென்னை கிளம்புமுன் லெட்டர்பேடின் அறுபது வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். சட்டமன்ற உறுப்பினராகி நான்கு ஆண்டாக இதுதான் நடைமுறை. "நீங்க கீழ போடுங்க மேடம், மேல நாங்க போட்டுக்கிறோம்" என்பார் ஒன்றியச் செயலாளர் முருகையன்.

2 செப்டம்பர்

காலனியிலிருந்து பூமாலை அண்ணன் வந்தார், பெரியப்பா மகன். சுடுகாட்டுக்குப் போகும் வண்டிப்பாதையை முருகையனின் மச்சான் இரும்பு கேட்டு போட்டு மறித்திருக்கிறான். மழை வந்தால் பிணத்தோடு வாய்க்காலில் இறங்க வேண்டும்.

"பட்டா கேக்கல புள்ள. பொணம் போற வழி கேக்குறோம். ஓட்டுப் போட்டு நாலு வருசமா கேட்டுக்கினுதான் இருக்கோம்."

அவர் எதிரிலேயே தாசில்தாருக்கு எழுதினேன், என் கையால். படுக்கையில் கிடக்கும் அம்மாவிடம் போனில் சொன்னேன். "ஜல்தியா தொறக்கச் சொல்லு, எனக்கே ஆவும்" என்று சிரித்தாள்.

21 அக்டோபர்

விழுப்புரம் கூட்டம் முடிந்து தாசில்தாரைப் பார்த்தேன். கோப்பைத் திருப்பிக் காட்டினார். பாதை வேண்டும் என்று என் கடிதம். நான்கு நாள் கழித்து இன்னொன்று, டைப் அடித்தது: மாற்றுவழி இருப்பதால் கோரிக்கையைக் கைவிடலாம்.

"ரெண்டும் உங்க கையெழுத்துதாங்க மேடம். பிந்தினதைத்தான் எடுத்துக்கணும்."

என்னுடையதல்ல என்று சொல்லலாம். சொன்னால், வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடுகிறவள் என்பதையும் சொல்ல வேண்டும். எத்தனை தாள், எதற்கெல்லாம்? டீ வந்தது. குடித்தேன்.

22 அக்டோபர்

முருகையன் வீட்டுக்குப் போய் அந்த இரண்டாம் கடிதத்தைப் பற்றிக் கேட்டேன். ஆட்கள் இருக்கும்வரை மேடம். கதவைச் சாத்தியதும் நீ.

"டிக்கெட் பேசுற நேரத்துல பேஜாரு பண்ணாத. ரிசர்வ் தொகுதி. உன்ன மாதிரி படிச்சதுங்க காலனிக்குப் பத்து கெடக்கு. உன் பேரச் சொன்னவன் நான்."

ஏன் எழுந்து வரவில்லை நான்?

23 அக்டோபர்

"பைலு போய்க்கினு இருக்குண்ணா" என்றேன் அண்ணனிடம். பொய் சொல்லும்போது மட்டும் காலனிப் பேச்சு தானாக வருகிறது.

30 நவம்பர்

அம்மா போய்விட்டாள்.

1 டிசம்பர்

விடாத மழை. வாய்க்காலில் மார்பளவு தண்ணீர். மாலையோடு வந்த முருகையன் காதோரம் சொன்னான்: "மச்சான்கிட்ட பேசிட்டேன். அம்மாவுக்கு மட்டும் கேட்டு தொறந்திருக்கும்."

தலையசைத்தேன். அம்மாவைத் தண்ணீரில் இறக்கவா? யாராயிருந்தாலும் தலையசைப்பார்கள். அப்படித்தானே?

பெண்கள் தெருமுனை வரைதான். எதிரிலேயே கேட்டு. அண்ணன் அங்கே பாடையை இறக்கினார். "நேத்து வரைக்கும் மூடிக்கெடந்தது, சின்னம்மாவுக்கு மட்டும் எப்டி தொறக்குது?" என்று முருகையனைக் கேட்டார்.

"உங்க மேடம் லெட்டரு குடுத்துதான்யா மூடிக்கெடக்கு. என்னைக் கேக்குற?"

அது நான் எழுதியதல்ல — வாய்வரை வந்தது. மார்ச்சில் வேட்பாளர் பட்டியல்.

காலனி ஆட்கள் பாடையை அப்படியே விட்டுவிட்டு வெறுங்கையோடு வாய்க்காலில் இறங்கினார்கள். கரைவேட்டிகள் வந்து அம்மாவைத் தூக்கின. அவர்களில் ஒருவருக்கும் அவள் பெயர் தெரியாது.

கொள்ளி மட்டும் அண்ணன்தான் வைத்தாராம், நனைந்த உடம்போடு.

19 மார்ச் 2026

பட்டியலில் என் பெயர் இல்லை. போனில் முருகையன்: "காலனியிலயே உனக்கு ஒரு ஓட்டு உழாது. நான் என்னா பண்றது?"

2 ஏப்ரல்

அலுவலகத்தைக் காலி செய்தேன். மேசை இழுப்பறையில் கையெழுத்துப் போட்ட தாள் ஒன்று மிச்சம். மே வரை நான்தான் உறுப்பினர். அந்த இரண்டாம் கடிதம் என்னுடையதல்ல என்று நாலு வரி எழுதினால் போதும். பிந்தினதைத்தான் எடுத்துக்கொள்வார்கள்.

தேதி போட்டேன். முருகையன் அழைத்தான். தேர்தல் முடிந்ததும் ஏதாவது வாரியத்தில் பதவி பார்க்கலாமாம், கொஞ்சம் அமைதியாக இருக்க வேண்டுமாம்.

வீட்டுக்கு வந்து அந்தத் தாளின் பின்பக்கத்தில் மளிகை எழுதினேன். துவரம்பருப்பு ஒரு கிலோ, புளி, உரித்த மல்லாட்டை அரைக் கிலோ.