காலியாக விட்ட நான்கு அடி

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். நான் நலம். முழங்காலுக்கு டாக்டர் சொன்ன பயிற்சியைச் செய்கிறீர்களா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா?

சனிக்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. நடனப் பாட்டு ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குத் தாவும் முன் சில நொடி டிரம்ஸ் உருண்டு வரும். அதை அமைப்பதுதான் என் வேலை. எல்லோரும் கடைசிவரை நிரப்புவார்கள். நான் கடைசி நான்கு தாள அடியைச் சத்தமில்லாமல் காலியாக விட்டேன். இங்கே பாணேர் பகுதியில் ஒரு விருந்தில் அதை முதல்முறை போட்டார்கள். கூட்டம் கையைத் தூக்கி நின்றது. சத்தம் நின்றதும் ஒலி பார்க்கும் ரஃபீக் பதறிப்போய் மொத்தத்தையும் அணைத்துவிட்டார்.

"கேபிள் போச்சுன்னு நினைச்சேன் அக்கா!"

ஒரே கூச்சல். ஸ்டுடியோ முதலாளி கார்ல் மட்டும் சிரிக்கவில்லை. "டிரம்ஸ் போடச் சொன்னா ஓட்டை போட்டு வெச்சிருக்கே. திங்கட்கிழமை நிரப்பிக் கொண்டா. இல்லேன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்."

நிரப்பிப் பார்த்தேன். மற்ற நூறு பாட்டு மாதிரி ஆகிவிட்டது.

பயப்படாதீர்கள், நேரத்துக்குச் சாப்பிடுகிறேன். பருப்புப் பொடி தீர்ந்துவிட்டது. அனுப்பும்போது இரண்டு தலையணை உறையும் வையுங்கள். வாய்ஸ் மெசேஜில் கொஞ்சம் நீளமாகப் பேசுங்கள், என்ன சமைத்தீர்கள் என்றாவது. இங்கே நாள் முழுக்க ஹிந்திதான்.

இன்று திங்கள். காலியாக விட்டதையே கார்லிடம் கொடுத்துவிட்டேன். ரஃபீக்கிடம் முன்கூட்டியே சொல்லாதது மட்டும்தான் என் தப்பு என்றேன். கார்ல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இதோ, கையசைத்துக் கூப்பிடுகிறார்.

வேலை நிரந்தரமாகிவிடும் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தேனே, அதை அப்பாவிடம் இப்போதைக்குச் சொல்ல வேண்டாம்.

உங்கள்
அலினா